மக்கள் அரசியலமைப்பு 1947: ஒரு தீவிரத் தாராளவாத இயக்கத்தின் எழுச்சியும் வீழ்ச்சியும்



"மலாயன் யூனியன் ஏன் கைவிடப்பட்டது?" என்று கேட்டால் நம் மாணவர்கள் மளமளவென்று எழுதிவிடுவார்கள். 1948 மலாயா கூட்டரசு ஒப்பந்தத்தின் கூறுகளைக் கேட்டாலும் தயங்கமாட்டார்கள். அவசரகாலம் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனால் இந்த மூன்றுக்கும் நடுவில் ஒரு பதினெட்டு மாதம் இருக்கிறது. 1946 டிசம்பர் தொடங்கி 1948 ஜூன் வரை. அந்தக் காலத்தில் இந்த நாட்டின் எல்லா இனத்தாரும் சேர்ந்து தங்கள் கையாலேயே ஓர் அரசியலமைப்பை எழுதினார்கள். தேர்வுத் தாளில் 'பெர்லெம்பாகான் ராக்யாட்' என்று வருவது அதுதான். அதற்கு நம் மாணவர்கள் எழுதும் விடை பெரும்பாலும் ஒரே வரி: "அவசரகாலம் வந்தது, இயக்கம் அழிந்தது."

இந்த ஒரு வரி போதாது. காலவரிசையை ஊன்றிப் பார்த்தால், அவசரகாலம் விழுந்த அடிகளில் கடைசி அடி என்பது தெரியும். முதல் அடிகள் அதற்கு முன்பே விழுந்துவிட்டன. இன்னொன்றும் தெரியும்: இயக்கம் தோற்றது, ஆனால் அது கேட்ட எல்லாம் தோற்கவில்லை. இந்த இரண்டையும் பிரித்து எழுதத் தெரிந்த மாணவர்தான் நல்ல மதிப்பெண் வாங்குவார்.

தீவிரத் தாராளவாதம் என்றால் என்ன?

தாராளவாதம் என்பது தனிமனித உரிமை, சட்டத்தின் முன் சமம், பேச்சுரிமை, மக்கள் தேர்ந்தெடுக்கும் ஆட்சி ஆகியவற்றை வலியுறுத்தும் கொள்கை. ஆனால் 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் தாராளவாதிகளில் பலர், "உரிமை வேண்டும், ஆனால் சொத்துள்ளவர்களுக்கும் படித்தவர்களுக்கும் முதலில் வரட்டும்" என்றார்கள். "எல்லாருக்கும் வேண்டும், இப்போதே வேண்டும், அதற்கு மக்களே தெருவில் இறங்கலாம்" என்று சொன்னவர்களைத் தீவிரவாதத் தாராளவாதிகள் என்றார்கள். இங்கே 'தீவிரம்' என்றால் ஆயுதம் என்று பொருளில்லை. அந்த ஐரோப்பியச் சொல்லின் மூலம் லத்தீனில் 'வேர்' என்பதாகும். பிரச்சினையின் வேர்வரை போகிறவர்கள் என்று வெச்சுக்குவோம்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு பிரிட்டனின் சார்ட்டிஸ்ட் இயக்கம். 1838-இல் அவர்கள் 'மக்கள் சாசனம்' ஒன்றை வெளியிட்டு ஆறு கோரிக்கைகளை வைத்தார்கள். வயது வந்த ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமை, ரகசிய வாக்கெடுப்பு, சமமான தொகுதிகள், நாடாளுமன்ற உறுப்பினராகச் சொத்துத் தகுதி தேவையில்லை, உறுப்பினர்களுக்குச் சம்பளம், ஆண்டுதோறும் தேர்தல் என்பவை அவை. 1848-இல் அவர்களின் கடைசிப் பெரிய மனுவும் நிராகரிக்கப்பட்டது. இயக்கம் அதோடு ஒடுங்கியது. ஆனால் ஆண்டுதோறும் தேர்தல் என்ற ஒன்றைத் தவிர மற்ற ஐந்தும் பின்னாளில் பிரிட்டனின் சட்டமாயின. சரியாக 100 ஆண்டு கழித்து, அதே பிரிட்டனின் காலனியான மலாயாவில் இதே கதை வேறு வடிவில் நடந்தது.

விதை: கிள்ளான் 1941

நம் வட்டாரத்திலிருந்தே தொடங்குவோம். 1929 டிசம்பரில் பெரியார் மலாயா வந்து போனபின் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் சுயமரியாதைப் பேச்சு பரவியிருந்தது. 1936-இல் மலாயா மத்திய இந்தியர் சங்கம் அமைந்தது. 1941-இல் கிள்ளான் மாவட்டத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் வெடித்தது. கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர்.எச்.நாதன் அதன் முன்னணித் தலைவர்.

அவர்கள் என்ன கேட்டார்கள் என்று பாருங்கள். சீனத் தொழிலாளருக்கு இணையான சம்பளம், பிள்ளைகளுக்கு முறையான கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடை மூடல். இதோடு நின்றிருந்தால் இதைச் சம்பளப் போராட்டம் என்று மட்டும் எழுதிவிடலாம். ஆனால் பேச்சுரிமை, கூட்டம் கூடும் உரிமை, சங்கம் அமைக்கும் உரிமை, உறவினரும் நண்பர்களும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோகும் உரிமை, பெண் தொழிலாளர்களிடம் தவறாக நடப்பதற்கு முடிவு என்றும் கேட்டார்கள். துரைக்கும் கிராணிக்கும் முன்னால் சைக்கிளை விட்டு இறங்காமல் ஓட்டிப் போகும் உரிமையும் அந்தப் பட்டியலில் இருந்தது.

சைக்கிள் ஓட்டுவது ஒரு கோரிக்கையா என்று மாணவர்கள் சிரிக்கலாம். சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்பதைத் தோட்டத்து மொழியில் சொன்னால் அது இப்படித்தான் இருக்கும். நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். இராணுவம் வரவழைக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். 1941 மே மாதம் சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. நாம் பாடத்தில் படிக்கும் 1948 அவசரகாலத்துக்கு ஏழு ஆண்டுக்கு முன்பே, நம் மாநிலத் தோட்டத் தொழிலாளர்கள் ஓர் அவசரநிலையைப் பார்த்துவிட்டார்கள்.

எழுச்சி: 1945 முதல் 1947 வரை

ஜப்பானியர் ஆட்சி முடிந்து பிரிட்டிஷார் திரும்பி வந்தபோது பழைய மரியாதை திரும்பி வரவில்லை. 1943 முதல் நேதாஜியின் படையில் சேர்ந்திருந்த தோட்டத்து இளைஞர்களும், ஜான்சி ராணிப் படையில் பயிற்சி எடுத்த பெண்களும் லயங்களுக்குத் திரும்பியிருந்தார்கள். துரையைக் கண்டு ஒதுங்கி நிற்கும் பழக்கம் அவர்களிடம் குறைந்துபோயிருந்தது.

1945 டிசம்பரில் சிங்கப்பூரில் மலாயா ஜனநாயக ஒன்றியம் தோன்றியது. பிலிப் ஹோலிம், ஜான் ஈபர், லிம் ஹோங் பீ, லிம் கியான் சாய் போன்ற ஆங்கிலம் படித்த வழக்கறிஞர்களும் நடுத்தர வர்க்கத்தினரும் அதை நடத்தினார்கள். நம் நாட்டில் தீவிரத் தாராளவாதத்துக்கு மிக நெருங்கிய கட்சி என்றால் இதுதான். 1946 ஆகஸ்டில் கோலாலம்பூரில் மலாயா இந்திய காங்கிரஸ் தொடங்கப்பட்டது. அதன் முதல் தலைவர் ஜான் திவி, நேதாஜியின் ஆசாத் ஹிந்த் அரசில் பணியாற்றிய வழக்கறிஞர்.

மலாயன் யூனியன் 1 ஏப்ரல் 1946-இல் நடைமுறைக்கு வந்தது. அம்னோவின் எதிர்ப்பால் பிரிட்டிஷார் பின்வாங்கி, சுல்தான்களோடும் அம்னோவோடும் மட்டும் மூடிய அறையில் பேசினார்கள். பிறகுதான் மற்ற இனத்தாரின் கருத்தைக் கேட்க சீஸ்மன் தலைமையில் ஒரு குழு அமைத்தார்கள். முடிவு செய்தபின் கருத்துக் கேட்டால் யாருக்குத்தான் கோபம் வராது? 1946 டிசம்பரில் மலாயா ஜனநாயக ஒன்றியம், ம.இ.கா., தொழிற்சங்கங்கள், இளைஞர், மகளிர் அமைப்புகள் ஒன்றுசேர்ந்து கூட்டு நடவடிக்கை மன்றம் அமைத்தன. தேர்வில் இதை ஏ.எம்.சி.ஜே.ஏ. என்று குறிப்பிடுவார்கள். தலைவர் மலாக்காவைச் சேர்ந்த டான் செங் லோக். மன்றம் சீஸ்மன் குழுவைப் புறக்கணித்தது.

1947 பிப்ரவரியில் மலாய் தேசியக் கட்சி, அகமட் போஸ்தமாமின் ஆப்பி, சம்சியா பாக்கேவின் ஆவாஸ் முதலிய மலாய் அமைப்புகள் சேர்ந்து புத்தெரா என்ற கூட்டணி அமைத்தன. டாக்டர் புர்ஹானுடின் அல்-ஹெல்மியும் இஷாக் ஹாஜி முகமட்டும் அதன் முக்கியத் தலைவர்கள். இரு கூட்டணிகளும் கைகோத்தன. இதை விடையில் மறக்காமல் எழுதுங்கள்: மலாய்க்காரர் அல்லாதவர்கள் மட்டும் நடத்திய இயக்கம் என்று எழுதினால் அது பிழை.

அந்த ஆவணத்தில் என்ன இருந்தது?

1947 ஆகஸ்டில் 'மக்கள் அரசியலமைப்பு முன்மொழிவுகள்' இறுதி வடிவம் பெற்றன. முக்கியக் கூறுகள் இவை:

1. சிங்கப்பூரையும் சேர்த்த ஒன்றுபட்ட மலாயா.
2. மக்கள் தேர்ந்தெடுக்கும் மத்திய சட்டமன்றம்.
3. மலாயாவைத் தாயகமாகக் கொண்டு அதற்கே விசுவாசம் காட்டும் அனைவருக்கும் சம குடியுரிமை. குடிமக்களுக்கு 'மெலாயு' என்ற பெயர்.
4. சுல்தான்கள் மக்களாட்சி வழியில் அரசியலமைப்புக்கு உட்பட்ட ஆட்சியாளர்கள். இஸ்லாமும் மலாய் வழக்காறுகளும் மலாய்க்காரர் பொறுப்பில்.
5. மலாய் மொழி அதிகாரத்துவ மொழி.
6. முதல் ஒன்பது ஆண்டுகளுக்குச் சட்டமன்றத்தில் மலாய்க்காரர் 55 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது.
7. எந்த இனத்துக்கும் பாகுபாடு காட்டும் மசோதாக்களை ஆராய இனங்களின் மன்றம்.

இதை எழுதிய கூட்டணியில் கம்யூனிஸ்டுகளுக்கு நெருக்கமான அமைப்புகள் இருந்தது உண்மை. தொழிற்சங்கச் சம்மேளனமும் முன்னாள் போராளிகள் சங்கமும் அப்படிப்பட்டவை. ஆனால் ஆவணத்தை வாசித்தால் தோட்டங்களைப் பறிமுதல் செய்யவோ சொத்துகளைப் பொதுவுடைமை ஆக்கவோ அதில் சொல்லவில்லை. தேர்தல், குடியுரிமை, உரிமைகள், அரசியலமைப்பு முடியாட்சி என்பவை தாராளவாதக் கோரிக்கைகள். 'தீவிரம்' எங்கே என்றால், எல்லாருக்கும் இப்போதே வேண்டும் என்றதிலும், அதற்காகத் தோட்டத் தொழிலாளியையும் கடைக்காரரையும் ஒரே நாளில் வேலையை நிறுத்தச் சொன்னதிலும்.

அந்த நாள் 20 அக்டோபர் 1947. நாடு தழுவிய ஹர்த்தால். இந்தச் சொல்லே காந்தி 1919-இல் ரௌலட் சட்டத்துக்கு எதிராக எடுத்த கருவியின் பெயர். வேலைக்குப் போகாதே, கடையைத் திறக்காதே, வீட்டிலேயே இரு. ஆயுதமில்லாத எதிர்ப்பு. சீன வணிகச் சங்கங்களும் ஆதரவு தந்ததால் பட்டணங்களில் கடைகள் அடைக்கப்பட்டன, தோட்டங்களிலும் வேலை நின்றது. இயக்கத்தின் உச்சம் அதுதான்.

வீழ்ச்சி: அவசரகாலத்துக்கு முன்பே

மறுநாள் என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை. காலனி அரசு இந்தக் கூட்டணியை மக்களின் பிரதிநிதியாக ஏற்கவும் இல்லை, பேச்சுக்கு அழைக்கவும் இல்லை. இங்கிருந்துதான் சரிவு. காரணங்களை வரிசைப்படுத்துவோம்.

முதலாவது, பேரம் பேசும் பலம். பிரிட்டிஷாருக்கு மலாயாவின் ரப்பரும் ஈயமும் டாலர் ஈட்டித் தந்தன. அமைதியாக ஆள அவர்களுக்கு மலாய் ஆட்சியாளர்கள், அம்னோ ஆகியோரின் ஒத்துழைப்பு தேவைப்பட்டது. அதை ஏற்கெனவே பெற்றுவிட்டார்கள். ஒரு நாள் ஹர்த்தால் அந்தக் கணக்கை மாற்றவில்லை.

இரண்டாவது, கூட்டணிக்குள் இருந்த வர்க்க வேறுபாடு. குடியுரிமைக்காகக் கடையடைத்த வணிகர்களுக்குத் தொழிற்சங்கங்களின் பலம் பெருகுவதில் விருப்பம் இல்லை. மீண்டும் ஒரு ஹர்த்தாலுக்கு அவர்கள் முன்வரவில்லை. பிரிட்டனில் லிபரல் கட்சிக்கும் இதே நெருக்கடி வந்தது. 1906-இல் பெருவெற்றி பெற்ற அந்தக் கட்சி, முதலாளிக்கும் தொழிலாளிக்கும் நடுவில் நிற்க முடியாமல், முதல் உலகப்போருக்குப் பின் தொழிற்கட்சியிடம் தன் இடத்தை இழந்தது.

மூன்றாவது, மலாய் வெகுமக்களின் ஆதரவு. பெரும்பாலான மலாய்க்காரர்கள் அம்னோவின் பின்னால் நின்றார்கள். 1947 ஜூலையிலேயே ஆப்பி தடை செய்யப்பட்டது. அதாவது ஹர்த்தாலுக்கு முன்பே புத்தெராவின் இளைஞர் கை ஒடிக்கப்பட்டுவிட்டது.

நான்காவது, நம்மவர்களின் நிலை. 1947-இல் இந்தியா விடுதலை அடைந்தது. பலருடைய மனம் அங்கே இருந்தது. ஜான் திவியே அந்த ஆண்டு ம.இ.கா. தலைமையை விட்டு, மலாயாவில் இந்திய அரசின் பிரதிநிதியானார். புட் சிங் தலைவரானார். ம.இ.கா.வின் மேல்மட்டத்தில் பட்டணத்துப் படித்தவர்கள், தோட்டங்களில் தொழிற்சங்கம். இரண்டுக்கும் நடுவில் பாலம் பலமாக இல்லை.

1 பிப்ரவரி 1948-இல் மலாயா கூட்டரசு நடைமுறைக்கு வந்தது. எதைத் தடுக்க இயக்கம் பிறந்ததோ அது நடந்துவிட்டது. அவசரகாலத்துக்கு இன்னும் நான்கரை மாதம் இருந்தது.

கடைசி அடி

1948 ஜூன் தொடக்கத்திற்குள் தொழிற்சங்கச் சட்டம் திருத்தப்பட்டது. வெவ்வேறு தொழில்களின் சங்கங்கள் ஒரே சம்மேளனமாகச் சேரக்கூடாது, நிர்வாகிகளுக்கு அந்தத் தொழிலிலேயே மூன்றாண்டு அனுபவம் வேண்டும் என்றானது. அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனம் இதனால் சட்டப்படி இயங்க முடியாமல் போனது. 16 ஜூன் அன்று சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் ஓரிரு நாளில் நாடு முழுவதற்கும் நீட்டிக்கப்பட்டது. கம்யூனிஸ்ட் கட்சி காட்டுக்குள் போய் ஆயுதப் போராட்டத்தில் இறங்கியது. அரசுக்கும் ஆயுதத்துக்கும் நடுவில் நின்றவர்களுக்கு இடமே இல்லாமல் போனது. மலாயா ஜனநாயக ஒன்றியம் அந்த ஜூன் மாதமே தன்னைத்தானே கலைத்துக்கொண்டது. போஸ்தமாம் 1955 வரை சிறையில் இருந்தார்.

தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ.கணபதி 1949 மார்ச்சில் ரவாங் அருகே கைதானார். செலாயாங்கிலிருந்து வடக்கே போனால் வரும் அதே ரவாங்தான். துப்பாக்கி வைத்திருந்தார் என்ற குற்றச்சாட்டில் அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. இந்திய அரசு தலையிட்டும் பயனில்லை. 4 மே 1949 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவருடைய தோழர் வீரசேனனும் அதே மாதம் சுட்டுக் கொல்லப்பட்டார்.

தோற்றது எது, நின்றது எது?

"சார், அப்படின்னா இவங்க தோத்துட்டாங்களா?" என்று வகுப்பில் கேட்டால் ஆம், இல்லை என்று பதில் சொல்லாதீர்கள். 1947 ஆவணத்தையும் 1957 அரசியலமைப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மாணவர்களையே ஒப்பிடச் சொல்லுங்கள்.

தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்றம் வந்தது. மலாய் தேசிய மொழியானது. அரசியலமைப்பு முடியாட்சி வந்தது. 31 ஆகஸ்ட் 1957 முதல் இங்கே பிறந்தவர்களுக்குக் குடியுரிமை என்ற விதி வந்தது. 1962-இல் அதற்குப் பெற்றோர் தொடர்பான நிபந்தனை சேர்க்கப்பட்டது. 'மெலாயு' என்ற பொதுக் குடிமைப் பெயர் வரவில்லை. இனங்களின் மன்றம் வரவில்லை. ஒன்பது ஆண்டு ஒதுக்கீட்டுக்குப் பதிலாகச் சிறப்பு நிலை பற்றிய 153-ஆவது விதி வந்தது. சிங்கப்பூர் 1963-இல் சேர்ந்து 1965-இல் பிரிந்தது.

இனம் கடந்த கட்சி என்ற வழியும் மூடியது. 1951-இல் டத்தோ ஓன் ஜாபார் மலாயா சுதந்திரக் கட்சியைத் தொடங்கினார். கே.எல்.தேவாசர் தலைமையிலான ம.இ.கா. அதை ஆதரித்தது. 1952 பிப்ரவரியில் கோலாலம்பூர் நகராட்சித் தேர்தலில் 12 இடங்களில் அம்னோ–ம.சீ.ச. கூட்டு 9 இடங்களை வென்றது. டத்தோ ஓன் கட்சிக்கு 2 மட்டுமே. இனவாரிக் கட்சிகள் கூட்டணி வைத்தால் வெல்லலாம் என்ற பாடத்தை எல்லாரும் படித்துக்கொண்டார்கள். கூட்டு நடவடிக்கை மன்றத்தின் தலைவர் டான் செங் லோக் 1949-லேயே ம.சீ.ச.வின் முதல் தலைவராகியிருந்தார். ம.இ.கா. 1954-இல் கூட்டணியில் சேர்ந்தது. 1955 தேர்தலில் கூட்டணி 52-இல் 51 இடங்களைப் பிடித்தது.

இந்த இடைவெளியில் இழப்பு யாருக்கு? 1948 விதிப்படி குடியுரிமைக்கு விண்ணப்பிக்க, இங்கே பிறந்தவர் 12 ஆண்டில் 8 ஆண்டும், வெளியில் பிறந்தவர் 25 ஆண்டில் 15 ஆண்டும் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். மொழித் தகுதியும் வேண்டும். மலாயன் யூனியன் திட்டத்தில் இது 15 ஆண்டில் 10 ஆண்டாக இருந்தது. தோட்டம் தோட்டமாக மாறி வேலை பார்த்த, எழுதப் படிக்கத் தெரியாத பால்வெட்டுத் தொழிலாளி எந்தக் காகிதத்தைக் காட்டி இதை நிரூபிப்பார்? 1957-க்குப் பிறகும் பலர் விண்ணப்பிக்கவில்லை, அல்லது விண்ணப்பிக்கத் தெரியவில்லை. 1969-க்குப் பின் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி கட்டாயமானபோது ஆயிரக்கணக்கானோர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். தங்கியவர்களில் பலர் சிவப்பு அடையாள அட்டையோடு முதுமை அடைந்தார்கள். பிறப்புப் பத்திரம் இல்லாமல் பள்ளிப் பதிவுக்கு வரும் பிள்ளையைப் பார்த்த ஆசிரியர்களுக்கு இது பழைய வரலாறு என்று சொல்லத் தேவையில்லை.

விடை எழுதும்போது

"எழுச்சியும் வீழ்ச்சியும்" என்று கேள்வி வந்தால் மூன்று காரியம் செய்யுங்கள். ஒன்று, தேதிகளை வரிசையாகப் போடுங்கள்: டிசம்பர் 1946, பிப்ரவரி 1947, ஆகஸ்ட் 1947, 20 அக்டோபர் 1947, 1 பிப்ரவரி 1948, ஜூன் 1948. வீழ்ச்சியின் காரணங்கள் இந்த வரிசையிலேயே தெரிந்துவிடும். இரண்டு, உள்காரணத்தையும் வெளிக்காரணத்தையும் பிரியுங்கள். வர்க்க வேறுபாடும் பலவீனமான வெகுஜன ஆதரவும் உள்ளே. காலனி அரசின் கணக்கும் அவசரகாலச் சட்டமும் வெளியே. மூன்று, முடிவுரையில் இயக்கத்தின் கதியையும் கோரிக்கைகளின் கதியையும் தனித்தனியாக மதிப்பிடுங்கள்.

வகுப்பில் விவாதிக்க இரண்டு கேள்விகள்:

1. ஹர்த்தாலுக்கு வணிகர் ஆதரவு இல்லாமல் இருந்திருந்தால், இயக்கம் பலவீனமாக இருந்திருக்குமா, அல்லது ஒற்றுமை அதிகமாக இருந்திருக்குமா?
2. 1941 கிள்ளான் கோரிக்கைகளில் எவை 1947 ஆவணத்தில் இடம்பெற்றன, எவை விடுபட்டன? விடுபட்டதற்கு என்ன காரணம்?

இரண்டாவது கேள்விக்கு நேரம் ஒதுக்குங்கள். சைக்கிளில் இருந்து இறங்க மறுத்தவருக்கு அந்தப் பெரிய ஆவணத்தில் எவ்வளவு இடம் கிடைத்தது என்று மாணவர்களே தேடிப் பார்க்கட்டும்.